‘மரபு’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள்: பழைய பாட்டைப் புதிதாகப் பாடுவோருக்கு ஒரு திறந்த மடல்

நாட்டார் பாடல்களைத் தேடியெடுத்துப் புதிதாகப் பாடி வெளியிடும் பாடகர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் பாட்டுகளை விரும்பிக் கேட்கிறவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு, பழைய பாட்டை யாரும் தொடக் கூடாது என்று சொல்கிற ஆள் என என்னை நினைத்துவிட வேண்டாம். தாராளமாகத் தொடுங்கள். கிதார் வைத்துப் பாடுங்கள், நடையை மாற்றுங்கள், வேண்டுமானால் உங்கள் அடி இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்வழிப் பாட்டு அப்படித்தான் இத்தனை தலைமுறையைத் தாண்டி வந்திருக்கிறது. நாற்று நட்ட பெண்கள் யாரிடமும் அனுமதி கேட்டுப் பாட்டை மாற்றவில்லை.

என் மனக்குறை ஒன்றே ஒன்று. பாட்டைக் கேட்டு முடித்ததும் அதன் கீழே இருக்கும் விவரத்தைப் படிப்பேன். கிதார் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர், மிக்சிங் செய்தவர், படம் பிடித்தவர், உடை கொடுத்தவர் வரைக்கும் பெயர் இருக்கும். பாடல் என்ற இடத்தில் மட்டும் ‘மரபு’ என்றோ ‘நாட்டுப்புறப் பாடல்’ என்றோ ஒரு சொல் இருக்கும். அந்தப் பாட்டு உங்களுக்கு யார் வாயிலிருந்து வந்தது, எந்த ஊரில், எந்த வேலையின்போது, எந்தப் பழைய பதிவிலிருந்து என்பதற்கு ஒரு வரியும் இருக்காது.

அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

பிடித்த பாட்டு ஒன்று கிடைத்தால் அதன் மற்ற வடிவங்களைத் தேடிப் போவது என் பல ஆண்டுப் பழக்கம். ஒரே பாட்டைப் பத்துப் பேர் பாடியிருப்பார்கள். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள், எந்த அடி எங்கே நுழைந்தது, எந்தச் சொல் எங்கே திரிந்தது என்று பின்னோக்கிப் போவேன். சில பாட்டுகளில் நூறு ஆண்டுவரை போக முடிகிறது. நம் பாட்டுகள் பலவற்றில் பத்து ஆண்டு போவதற்குள் பாதை அடைத்துக்கொள்கிறது. ஏன் இப்படி என்று பார்த்தால், பாட்டின் வயதோ சிறப்போ அதற்குக் காரணமாக இல்லை. ஓரிடத்தில் யாரோ ஒருவர் பாடியவரின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். இன்னோரிடத்தில் எழுதாமல் விட்டிருக்கிறார்.

பாதை கிடைத்த ஒரு பாட்டைச் சொல்கிறேன். ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ என்ற அமெரிக்க நாட்டார் பாட்டு. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ‘ரைசிங் சன்’ என்ற பெயரில் ஒரு வீடு இருக்கிறது, அங்கே போய்த்தான் என் வாழ்க்கை பாழானது, எனக்குப் பின்னால் வருகிறவர்களாவது அந்தப் பக்கம் போகாமல் இருக்கட்டும் என்று ஒருவர் புலம்புகிற பாட்டு. கிதார் கற்றுக்கொள்ளும்போது பலரும் தொடக்கத்திலேயே வாசித்துப் பழகுவது என்பதால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

உலகம் அறிந்த வடிவம் ‘தி அனிமல்ஸ்’ என்ற ஆங்கிலேயக் குழு பாடியது. 1964 மே 18 அன்று லண்டனில் பதிவு செய்தார்கள். நான்கரை நிமிடம் ஓடும். அந்தக் காலத்து வானொலிக்கு அது அதிக நீளம். ஆனாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போனது. இசைத்தட்டில் அச்சான விவரம்: மரபுப் பாடல், இசைக்கோர்ப்பு ஆலன் பிரைஸ். குழுவில் இருந்தவர்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் நினைவில் நிற்கும் அந்தக் கிதார் இழையை வாசித்தவர் ஹில்டன் வேலன்டைன். பெயர் மட்டும் ஆர்கன் வாசித்த பிரைஸுக்குப் போனது. ஐந்து பெயரையும் போடத் தட்டில் இடமில்லை என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம். பெயர் போன பக்கமே ராயல்டியும் போனது. அந்தக் கசப்பு அவர்களுக்குள் பல ஆண்டுகள் இருந்தது.

அங்கிருந்து இரண்டு ஆண்டு பின்னால் வந்தால் பாப் டிலன். 1962-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் இந்தப் பாட்டு இருக்கிறது. அதில் அவர் வாசித்த கோர்ப்பு அவருடையது இல்லை. நியூயார்க்கில் அவரோடு பாடிக்கொண்டிருந்த டேவ் வான் ரோங்க் என்பவருடையது. வான் ரோங்க் அதைத் தன் அடுத்த பதிவுக்காக வைத்திருந்தார். டிலன் முந்திக்கொண்டார். அதன் பிறகு நடந்ததை வான் ரோங்க் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் மேடையில் அந்தப் பாட்டை எடுத்தாலே, டிலன் பாட்டைக் காப்பி அடிக்கிறார் என்று சொன்னார்களாம். வெறுத்துப்போய்ப் பாடுவதையே நிறுத்திவிட்டார். 1964-இல் அனிமல்ஸ் தட்டு வந்ததும் அதே பழி டிலன் மேல் விழுந்தது, அவரும் நிறுத்திவிட்டார். பெயர் பாட்டோடு சேர்ந்து போகாததன் விளைவு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அருகில் வந்து தாக்குகிறது பாருங்கள். நூறு ஆண்டு தேவைப்படவில்லை. மூன்று ஆண்டுக்குள், ஒரே வட்டத்தில் பழகியவர்களுக்கே, மூலம் எது நகல் எது என்பது தலைகீழாகிவிட்டது.

இன்னும் பின்னால் போவோம். 1941-இல் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும் வெளியிட்ட தொகுப்பு நூலில் இந்தப் பாட்டு அச்சாகியிருக்கிறது. யாரிடம் கேட்டது என்பதும் அச்சாகியிருக்கிறது: ஜார்ஜியா டர்னர், கென்டக்கி மாநிலம் மிடில்ஸ்பரோ. கூடவே சில அடிகள் பெர்ட் மார்ட்டின் என்ற இன்னொரு பாடகரிடமிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டவை என்பதும் இருக்கிறது. சேர்த்து ஒட்டினார்கள், ஆனால் ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்கவில்லை.

1937 செப்டம்பரில் ஆலன் லோமாக்ஸுக்கு வயது 22. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பாட்டுச் சேகரிக்கக் கிளம்பியிருந்தார். வட்டத் தட்டில் ஒலியைச் செதுக்கும் கனமான கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு சுரங்கத் தொழிலாளர் வாழும் மலைப்பகுதிகளில் சுற்றினார். மிடில்ஸ்பரோவில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் பதினாறு வயது மகள் அவருக்கு இந்தப் பாட்டைப் பாடிக்காட்டினாள். ‘ரைசிங் சன் ப்ளூஸ்’ என்று தலைப்பிட்டு, பெயர், ஊர், மாதம், ஆண்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இன்றைக்கு அந்தப் பெண் பிறந்ததற்கே இசை உலகில் தடயம் இல்லை. இருந்ததால்தான், எந்த நாட்டில் இருந்துகொண்டு தேடினாலும் அவள் பெயரை எட்ட முடிகிறது.

பாட்டு அவளோடு தொடங்கவும் இல்லை. 1933-இலேயே கிளாரன்ஸ் ஆஷ்லியும் க்வென் ஃபாஸ்டரும் அதை இசைத்தட்டில் பாடியிருக்கிறார்கள். ஆஷ்லி தன் தாத்தாவிடம் கற்றதாகச் சொன்னார். அதற்கும் முன்னால், 1925-இல், ராபர்ட் கார்டன் என்ற சேகரிப்பாளர் ஓர் இதழில் இந்தப் பாட்டின் வரிகளை அச்சிட்டிருக்கிறார். அங்கே பாதை மங்குகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாதை மங்கும் இடத்தில்தான் கதை கட்டும் ஆசை வரும். அந்த வீடு எது என்று எத்தனையோ பேர் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். விலைமாதர் விடுதி என்பார்கள், பெண்கள் சிறை என்பார்கள். நியூ ஆர்லியன்ஸில் கான்டி தெருவில் ‘ரைசிங் சன்’ என்ற பெயரிலேயே ஒரு விடுதி இருந்து 1822-இல் எரிந்துபோனது உண்மை. அந்த இடத்தைத் தோண்டியும் பார்த்தார்கள். ஆனால் ‘ரைசிங் சன்’ என்பது அந்தக் காலத்தில் விடுதிகளுக்குச் சாதாரணமாக வைத்த பெயர். அந்த விடுதியையும் இந்தப் பாட்டையும் இணைக்கும் சான்று எதுவும் கிடைக்கவில்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவில் நிறுத்துவதுதான் பாட்டுக்கு நாம் செய்யும் மரியாதை. நம்மிடமும் இந்த ஆசை அதிகம். ஒரு பாட்டு நன்றாக இருந்துவிட்டால் போதும், ‘ஆயிரம் ஆண்டு பழமையான பாடல்’ என்று எழுதிவிடுகிறோம். ஆயிரம் ஆண்டு என்று எழுதுகிற கை, போன வருடம் பாடிக்காட்டியவரின் பெயரை எழுத மாட்டேன் என்கிறது.

இந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. ஜார்ஜியா பாடியதில் சீரழிந்தது ஒரு பெண்; அவள் தன் தங்கையை எச்சரிக்கிறாள். ஆஷ்லி பாடியதில் சீரழிந்தவன் ஆண். டிலன் ஆணாக இருந்தும் பெண்ணின் பாட்டாகவே பாடினார். அனிமல்ஸ் மறுபடி ஆணாக்கிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் கவனித்தாலே, புதிதாகக் கேட்கும் வடிவம் எந்தக் கிளையிலிருந்து வந்திருக்கும் என்பதற்குத் துப்புக் கிடைத்துவிடும். அப்புறம், இன்று எல்லோரும் வாசிக்கும் அந்தச் சோகமான மைனர் ஸ்வரக்கட்டு ஆஷ்லியின் பதிவில் கிடையாது. அவர் பாடியது மேஜரில். அதைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. அழுகையே இல்லாத மெட்டில் அத்தனை துயரத்தைச் சொல்லிக்கொண்டு போகிறார் மனிதர்.

ஏடு பதிப்பித்தவர்கள் இந்த வேலையை நன்றாக அறிந்தவர்கள். உ.வே.சாமிநாதையர் ஒரு நூலுக்குப் பல ஏடுகளை வைத்து ஒப்பிட்டு, வேறுபடும் சொற்களைப் பாடபேதம் என்று குறித்து வைத்தார். இரண்டு ஏட்டில் ஒரே பிழை இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்கலாம் என்று ஊகிக்க முடியும். பிழையே அங்கே சாட்சி. பாட்டுக்கும் அதே முறைதான் பொருந்தும், அதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஒரு தென்னாப்பிரிக்கப் பாட்டு. உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டிய பாட்டும் அதுதான்.

1939-இல் ஜோகன்னஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் தன் குழுவோடு ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். ம்பூபே என்றால் சிங்கம். மூன்றாவது முறை பாடிப் பதிவு செய்தபோது, மேல் ஸ்தாயியில் அவர் அந்த நேரத்துக்குத் தோன்றியபடி ஒரு மெட்டை இழுத்தார். அந்தத் தட்டு தென்னாப்பிரிக்காவில் பெரிய அளவில் விற்றது. பாட்டின் உரிமையோ பத்து ஷில்லிங்குக்குக் கைமாறியதாகச் சொல்கிறார்கள். சில ஆண்டு கழித்து அந்தத் தட்டு அமெரிக்காவில் ஆலன் லோமாக்ஸ் கைக்கு வந்து, அவர் வழியாகப் பாடகர் பீட் சீகருக்குப் போனது. ‘உயிம்பூபே’ என்று குழுவினர் பாடியது சீகர் காதில் ‘விமோவே’ என்று விழுந்தது. அப்படியே எழுதிக்கொண்டார். அவருடைய ‘தி வீவர்ஸ்’ குழு அந்தத் தலைப்பிலேயே பாடி வெளியிட்டது. பாடலுக்குரியவர் என்று போட்டிருந்த பெயர் பால் கேம்ப்பெல். அப்படி ஓர் ஆள் கிடையாது. மரபுப் பாட்டுகளுக்குப் போடுவதற்காகக் குழு வைத்துக்கொண்ட புனைபெயர் அது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பாட்டு, ஆகவே மரபுப் பாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். தட்டில் லிண்டாவின் பெயர் அச்சாகி இருந்தும் இப்படி நடந்தது.

1961-இல் ‘தி டோக்கன்ஸ்’ குழு ஆங்கில வரிகள் சேர்த்து ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்று பாடி முதலிடம் பிடித்தது. லிண்டா அந்த நேரத்துக்கு இழுத்த மெட்டுதான் அதில் வரும் ஆங்கில வரிகளுக்கு மெட்டானது. அடுத்த ஆண்டே, 1962-இல், லிண்டா ஏழ்மையில் இறந்துபோனார். உலகம் முழுக்க எத்தனையோ பேர் அதைப் பாடினார்கள். 2000-இல் ரியான் மலான் என்ற தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் எழுதிய நீண்ட கட்டுரைக்குப் பிறகுதான் இது பெரிதாக வெளியே வந்தது. லிண்டாவின் மகள்கள் தரப்பில் வழக்குப் போட்டு, 2006-இல் சமரசம் ஏற்பட்டது. லிண்டாவும் பாடலை உருவாக்கியவர்களில் ஒருவர் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள். பாட்டு பிறந்து 67 ஆண்டு ஆகியிருந்தது.

சீகர் கெட்ட மனிதர் இல்லை. உண்மை தெரிந்ததும் லிண்டாவுக்கு ஆயிரம் டாலர் அனுப்பினார்; அதோடு விட்டுவிட்டதற்காகப் பின்னாளில் வருந்தவும் செய்தார். நல்ல மனசோடு, அந்தப் பாட்டின் மேல் உள்ள ஆசையினால் பாடியவரிடமிருந்துதான் இந்தத் தவறு நடந்தது. உங்களுக்கு நான் எழுதுவதற்குக் காரணமும் அதுதான். நீங்கள் திருடுகிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ‘மரபு’ என்ற சொல்லைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நம்புகிறீர்கள். அந்தச் சொல் சில நேரம் உண்மை; சில நேரம், உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயரை மூடி வைக்கிற துணி.

எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண்ணின் கதையும் அப்படித்தான். சிறுமியாக இருந்தபோது ‘ஃபிரெய்ட் டிரெயின்’ என்ற பாட்டை உருவாக்கினார். பிற்காலத்தில் சீகர் குடும்பத்தில் வீட்டுவேலை பார்த்தார். அந்த வீட்டுப் பெண் பெகி சீகர் அதைக் கற்று இங்கிலாந்துக்குப் போய்ப் பாடினார். அங்கே வேறு இருவர் அதைத் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள். அந்த அம்மாவின் உரிமையை மீட்கப் போராட வேண்டியிருந்தது. நாட்டார் பாட்டு மாதிரி ஒலிப்பதெல்லாம் ஆசிரியர் இல்லாத பாட்டு என்று நினைத்தால் இப்படி ஆகிறது.

நம் பக்கம் வருகிறேன்.

கம்பர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏற்றம் இறைக்கும் ஒருவர் ‘மூங்கில் இலைமேலே தூங்கும் பனிநீரே’ என்று பாடிவிட்டு, அன்றைய இறைப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கம்பர் இரவெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை. மறுநாள் காலையில் வந்து காத்திருந்தார். ‘தூங்கும் பனிநீரை வாங்கும் கதிரோனே’ என்று தொடங்கினார் அந்த உழவர். ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப் பாட்டு இல்லை என்ற பழமொழியோடு சேர்த்து இதைச் சொல்வார்கள். அது நடந்த கதையா கட்டிய கதையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. கதையில் கம்பருக்குப் பெயர் இருக்கிறது. பாடியவருக்குப் பெயர் இல்லை. ‘ஏற்றக்காரன்’ என்பதோடு நின்றுவிட்டது. பாட்டில் கம்பரையே தோற்கடித்தவர் என்று கொண்டாடும் கதையில்கூட அவருக்கு ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பாட்டுக்கு ஒரு வேலையும் இருந்தது. எத்தனை சால், அதாவது எத்தனை வாளித் தண்ணீர், இறைத்தாயிற்று என்ற கணக்கைப் பாட்டுக்குள்ளேயே வைத்துப் பாடுவார்கள். மேலே ஏற்ற மரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே அந்தச் சாலைப் பிடித்துத் தண்ணீரைக் கவிழ்ப்பவரின் கை அசைவுக்கு ஏற்றபடி அடி நீளும், குறுகும். பம்புசெட்டு வந்தது, ஏற்றம் போனது, பாட்டுக்கு வேலை இல்லாமல் போனது. இன்று அதை மேடையில் மின்விசைக் கிதாரோடு கேட்கிறவருக்கு, ஓர் அடி ஏன் அங்கே நிற்கிறது, எண் ஏன் நடுவில் வருகிறது என்று தெரியாது. தெரியப்படுத்த நீங்கள் எழுதும் இரண்டு வரி போதும்.

நம்மிடம் இதற்கு முன்மாதிரி இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1871-இல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டார் பாடல்கள் என்று ஒரு நூல் வெளியிட்டார். பாட்டுகளை ஆங்கிலச் செய்யுளாக்கிக் கொடுத்தார். அதை வைத்து அந்தப் பாட்டின் ஓசையைத் திரும்பப் பிடிக்க நம்மால் முடியாது. பிறகு பெர்சி மெக்குயின் என்ற அதிகாரி திரட்டிய பாடல்கள் கி.வா.ஜகந்நாதன் கையில் ‘மலையருவி’ ஆகி 1958-இல் வந்தன. 1964-இல் நா.வானமாமலை ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ கொண்டுவந்தார். அந்த நூலைத் திறந்து பாருங்கள். பாட்டுகளின் அடியில் சின்னதாகக் குறிப்பு இருக்கும்: வட்டார வழக்குச் சொல்லுக்குப் பொருள், சேகரித்தவர் யார், எந்த இடம். சில பாட்டுகளில் உதவியவர் யார் என்றும் இருக்கும். கையில் ஒலிநாடாகூட இல்லாமல், நோட்டும் பென்சிலுமாக ஊர் ஊராகப் போனவர்கள் செய்த வேலை அது. இங்கிலாந்திலும் அப்படித்தான். செசில் ஷார்ப் 1903-இல் முதன்முதலாகக் குறித்துக்கொண்ட பாட்டு ஒரு தோட்டக்காரர் பாடியது. அவர் பெயர் ஜான் இங்கிலாந்து. அந்தப் பெயர் நமக்குத் தெரிவதற்கு ஷார்ப் எழுதி வைத்தது மட்டுமே காரணம்.

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி லோமாக்ஸின் கார் நிறைய இருந்த கருவியைவிட நன்றாகப் பதிவு செய்யும். அதனால் ‘வசதி இல்லை’ என்ற பேச்சு இனி இல்லை.

சரி, என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். பெரிய ஆராய்ச்சியை நான் கேட்கவில்லை. உதாரணமாக இப்படி: ‘இந்தப் பாட்டை என் அம்மா, தன் அத்தை நாற்று நடும்போது பாடக் கேட்டுக் கற்றார். முதல் இரண்டு கண்ணி அவர் பாடியபடியே இருக்கிறது. மூன்றாவது கண்ணி நான் எழுதியது. கடைசி அடியின் மெட்டை மாற்றியிருக்கிறேன்.’ நான்கு வாக்கியம். இதை எழுதினால் உங்கள் பெருமை குறையாது. நீங்கள் எழுதிய கண்ணி எது என்பது நாளைக்கும் தெரியும் என்பது உங்களுக்கும் நல்லதுதானே? வான் ரோங்குக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

வேறொருவர் பாடிய பதிவைக் கேட்டுப் பாடியிருந்தால் அதையும் எழுதுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு பாடகர் ஒரு கிராமத்துப் பாட்டியிடம் உட்கார்ந்து கற்று, மெட்டைச் சீராக்கி, அடியை ஒழுங்குபடுத்திப் பாடியிருப்பார். அடுத்தவர் அந்தப் பதிவை அப்படியே எடுத்து, அவர் செய்த மாற்றம் உட்பட எல்லாவற்றையும் பாடிவிட்டு, ‘மரபு’ என்று எழுதுவார். முதல் பாடகரின் உழைப்பும் பாட்டியின் பெயரும் ஒரே நேரத்தில் போய்விடும். நான் பின்தொடர்ந்த ஒரு தாலாட்டில் நடந்தது இது. ஆறு பதிவு கிடைத்தது. ஆறிலும் ஒரே இடத்தில் ஒரே சொல் திரிந்திருந்தது. பொருள் வராத சொல். அப்படியானால் ஆறும் ஒரே பதிவின் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எல்லாமே ‘மரபு’. அந்தப் பிழையை முதலில் பாடியவர் யார், அவர் யாரிடம் தவறாகக் கேட்டார் என்பதற்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஏதோ ஒரு வட்டாரத்து நல்ல சொல் ஒளிந்திருக்கிறது. எனக்கு அந்தச் சொல் வேண்டும்.

யாரிடம் கேட்டேன் என்பதே நினைவில்லை என்று சிலர் சொல்கிறீர்கள். அதையே எழுதுங்கள்: ‘சின்ன வயதில் கேட்டது, யார் பாடினார் என்று நினைவில்லை, இன்ன ஊர்ப் பக்கம்.’ அதுவும் ஒரு தடம். பாட்டு எல்லோருக்கும் பொது, ஒருவர் பெயரை மட்டும் போட்டால் அது அவர் சொத்தாகிவிடாதா என்றும் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பெயர் எழுதுவது பட்டா எழுதுவது ஆகாது. ‘இயற்றியவர்’ என்று எழுதச் சொல்லவில்லை. ‘இவரிடம் கேட்டது’ என்று எழுதச் சொல்கிறேன். ஜார்ஜியா டர்னர் அந்தப் பாட்டை இயற்றினாள் என்று யாரும் சொல்வதில்லை. அவள் வாய் வழியாக வந்தது என்பதுதான் குறிப்பு.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமையாளர் உள்ள பாட்டைச் சட்டம் தரும் உரிமத்தின் கீழ் மறுபதிவு செய்ய ஐந்தாண்டுக் காத்திருப்பு உண்டு, முன்கூட்டியே ராயல்டி உண்டு, மறுபதிவு என்பதை அட்டையில் சொல்ல வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆசிரியர் பெயர் இல்லாத நாட்டார் பாட்டுக்கு இந்தக் காவல் இல்லை. ஆனால் பாடுபவர் என்ற முறையில், தான் பாடியதைத் தன் பெயரோடு அடையாளம் காட்டக் கேட்கும் உரிமை நிகழ்த்துகலைஞர் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த உரிமை, நீங்கள் கைப்பேசியில் பதிவு செய்து உங்கள் பாட்டின் முகப்பில் சில விநாடி சேர்த்துக்கொள்ளும் அந்தப் பாட்டியின் குரலுக்கும் சேர்த்துத்தான். ‘ஒரு மூதாட்டி’ என்று போடுவது போதாது. பெயர் போட அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் ஊரையாவது போடுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இது உங்களில் கொஞ்சம் வசதியும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு. ஆங்கில நாட்டார் பாட்டுகளுக்கு ஸ்டீவ் ரௌட் என்ற நூலகர் ஓர் அட்டவணை தொகுத்தார். ஒரு பாட்டுக்கு ஓர் எண்; அதன் எல்லா வடிவமும், தலைப்பு மாறினாலும், அந்த எண்ணின் கீழே வரும். நான் மேலே சொன்ன நியூ ஆர்லியன்ஸ் பாட்டுக்கு எண் 6393. அந்த எண்ணைப் பிடித்தால் யார், எங்கே, எப்போது பாடினார் என்பது வரிசையாக வரும். நம் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் தெம்மாங்குக்கும் அப்படி எல்லோரும் பயன்படுத்தும் பொது எண் இல்லை. தலைப்பும் இல்லாததால் முதல் அடியை வைத்துத் தேடுகிறோம். முதல் அடியோ ஊருக்கு ஊர் மாறுகிறது. பல்கலைக்கழக நாட்டார் வழக்காற்றியல் துறைகளில் இருப்பவர்களோடு நீங்களும் உட்கார்ந்தால் இதைத் தொடங்க முடியும். பாட்டுகள் உங்களிடம் இருக்கின்றன, முறை அவர்களிடம் இருக்கிறது. பதிவுகளைக் கொடுங்கள். வெளியிட்ட மூன்று நிமிடத்தை மட்டுமல்ல, வெட்டி எறியாமல் வைத்திருக்கும் முழுப் பதிவையும் கொடுங்கள். அந்த அம்மா பாட்டை நிறுத்திவிட்டு ‘இது எங்க சின்னாத்தா பாடுனது’ என்று சொல்லியிருப்பார். அந்த இடத்தைத்தான் நீங்கள் வெட்டியிருப்பீர்கள்.

கடைசியாக, உடனே செய்யக்கூடிய ஒன்று. ஏற்கெனவே வெளியிட்ட பாட்டின் விவரத்தைத் திருத்துவதற்குச் சில நிமிடம்தான் ஆகும். ஒரு மாலையில் உட்கார்ந்து உங்கள் பட்டியலைத் திறந்து, ‘மரபு’ என்று எழுதிய ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நின்று, இது எனக்கு எப்படி வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாடிக்காட்டியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் போய், உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டு, அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தாலாட்டைப் பாடிய ஆறு பேரில் யாராவது இதைப் படித்தால், அந்தச் சொல்லை நீங்கள் யாரிடம் கேட்டீர்கள் என்று பாட்டின் கீழே ஒரு வரி போடுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பாட்டுகளைக் கேட்பவன்